சிறுகோள்களாகப் பதிவான வால்மீன்கள்

சூரியக் குடும்பத்தின் சிறு பொருள்கள் சிலவற்றுக்குச் சர்வதேசப் பட்டியல்களில் இரண்டு எண்கள் உண்டு. கைரான் என்ற பொருள் சிறுகோள் பட்டியலில் 2060. வால்மீன் பட்டியலில் 95பி. எல்ஸ்ட்–பிசார்ரோ முதல் பட்டியலில் 7968; இரண்டாவதில் 133பி. எண்ணுக்குப் பின் வரும் ‘பி’, அந்த வால்மீன் குறிப்பிட்ட கால இடைவெளியில் சூரியனை நெருங்கிச் செல்வது என்பதைக் காட்டுகிறது. கண்டுபிடிக்கப்பட்ட காலத்தில் இவ்விரண்டும் தொலைநோக்கியில் வெறும் ஒளிப்புள்ளிகள். அதனால் சிறுகோள்கள் என்றே பதிவாயின. பத்து ஆண்டுகளுக்கும் மேல் கழிந்தபின் ஒன்றைச் சுற்றித் தூசு மூட்டமும் மற்றொன்றில் வாலும் தென்பட்டபோது பழைய பதிவை நீக்காமலே புதிய எண்ணும் சேர்க்கப்பட்டது.

இத்தகைய பொருள்கள் இன்று பல உள்ளன. ஒரு பொருள் எந்த வகையைச் சேர்ந்தது என்பதை வானியலர்கள் பெரும்பாலும் அதன் தோற்றத்தை வைத்தே முடிவு செய்துவந்தனர். தோற்றமோ பார்க்கும் காலத்தையும் கருவியையும் பொறுத்து மாறும்.

இரு வகைகளின் இலக்கணம்

வால்மீனின் உட்கரு பனியும் தூசும் கலந்த ஒரு கட்டி என்ற விளக்கத்தை 1950இல் அமெரிக்க வானியலர் ஃபிரெட் விப்பிள் முன்வைத்தார். சூரியனை நெருங்கும்போது பனி உருகி நீராவதில்லை. வெற்றிடத்தில் அது திண்ம நிலையிலிருந்து நேராக வாயுவாகிறது. இதுவே பதங்கமாதல். வெளியேறும் வாயு தூசுத் துகள்களையும் இழுத்துச் செல்வதால் உட்கருவைச் சுற்றி ‘கோமா’ என்னும் மூட்டம் உருவாகிறது. சூரிய ஒளியின் அழுத்தம் தூசையும், சூரியக் காற்று மின்னூட்டம் பெற்ற வாயுவையும் தள்ளிச்செல்ல, வால் நீள்கிறது.

சிறுகோள்கள் பாறையும் உலோகமும் கொண்டவை. பெரும்பாலானவை செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள பட்டையில், ஏறத்தாழ வட்டமான பாதைகளில், கோள்களின் தளத்தை ஒட்டிச் சுற்றுகின்றன. அவற்றில் வாயு வெளியேற்றம் இல்லை என்பதே நெடுங்காலக் கருத்து.

தொடக்கத்தில் பிழை எதிர்த்திசையிலேயே நேர்ந்தது. 1781இல் வில்லியம் ஹெர்ஷல் யுரேனஸைக் கண்டபோது அதை வால்மீன் என்றே அறிவித்தார். 1801 ஜனவரி 1 அன்று பலெர்மோவில் ஜியூசெப்பே பியாஸி கண்டுபிடித்த சீரஸும் முதலில் வால்மீனாகவே தெரிவிக்கப்பட்டது. விண்மீன்களுக்கிடையே இடம்பெயரும் புதிய பொருள் எதுவானாலும் அது வால்மீன் என்று கருதுவதே அக்கால வழக்கம். 19ஆம் நூற்றாண்டில் சிறுகோள்கள் நூற்றுக்கணக்கில் பெருகியபின் நிலைமை தலைகீழானது. மூட்டமில்லாமல் நகரும் புள்ளி என்றால் அது சிறுகோள் என்பதே இயல்பான முடிவாயிற்று.

வால்மீன் புள்ளியாகத் தெரிவது ஏன்?

முதற்காரணம் தொலைவு. நீர்ப்பனி பெருமளவில் பதங்கமாவதற்குப் பொருள் சூரியனிலிருந்து சுமார் 3 வானியல் அலகுத் தொலைவுக்குள் வர வேண்டும். ஒரு வானியல் அலகு என்பது சூரியனுக்கும் பூமிக்கும் இடைப்பட்ட சராசரித் தொலைவு, ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர். அதற்கப்பால் உள்ள வால்மீனில் கார்பன் மோனாக்சைடு போன்ற எளிதில் ஆவியாகும் பனிகள் இல்லாவிட்டால் அது செயலற்றே கிடக்கும்.

இரண்டாவது காரணம் மேற்பரப்பு. பலமுறை சூரியனை நெருங்கிச் சென்ற உட்கருவில், வாயுவால் தூக்க முடியாத பெரிய துகள்கள் மேலே தங்கி ஓர் ஓடாகப் படிகின்றன. ஓடு தடிக்கத் தடிக்க அடியிலுள்ள பனிக்கு வெப்பம் சேர்வது குறைகிறது. எஞ்சிய பனித்திட்டு ஒரு துருவத்தின் பக்கம் மட்டும் இருந்தால், அங்கே கோடை நிலவும் சில மாதங்களில் மட்டுமே பொருள் செயல்படும்.

மூன்றாவது காரணம் கருவிகளின் எல்லை. வளிமண்டலக் கலக்கத்தால் தரையிலுள்ள தொலைநோக்கியில் ஒரு விண்மீனின் பிம்பமே சுமார் ஒரு வில்விநாடி அகலத்துக்குப் பரவிவிடும். பூமியிலிருந்து 2 வானியல் அலகுத் தொலைவில் ஒரு வில்விநாடி என்பது ஏறத்தாழ 1,450 கிலோமீட்டர். அதைவிடச் சிறிய கோமா இருந்தாலும் அது விண்மீனின் பிம்பத்திலிருந்து வேறுபடாது. அளவில் பெரியதானாலும் மிக மங்கலான மூட்டம், இரவு வானின் இயல்பான ஒளிர்வில் அமிழ்ந்துபோகும்.

கைரான்

1977 அக்டோபரில் கலிபோர்னியாவின் பாலமார் ஆய்வகத்தில் எடுத்த ஒளிப்படத் தகடுகளில், மிக மெதுவாக நகரும் ஒரு புள்ளியைச் சார்ல்ஸ் கோவல் கண்டார். கணக்கிட்டபோது அதன் பாதை சனியின் பாதைக்குச் சற்று உள்ளிருந்து யுரேனஸின் பாதையை எட்டும் அளவுக்கு நீண்டிருந்தது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 50 ஆண்டுகள். அந்தப் பகுதியில் சிறுகோள் எதுவும் அதற்குமுன் அறியப்பட்டதில்லை. எனினும் கோமா இல்லாததால் 2060 என்ற சிறுகோள் எண்ணும், கிரேக்கப் புராணத்தின் பாதிக்குதிரை மனிதர்களில் ஒருவனான கைரானின் பெயரும் அதற்குக் கிடைத்தன. பின்னர் அதே பகுதியில் கண்டுபிடிக்கப்பட்ட பொருள்கள் ‘சென்டார்கள்’ என ஒரு தனிக் கூட்டமாக வகைப்பட்டன.

1988இல், சூரியனிலிருந்து சுமார் 12 வானியல் அலகுத் தொலைவில் கைரான் எதிர்பார்த்ததைவிடப் பிரகாசமாக இருந்தது. பொருள் நெருங்கிவரும்போது ஒளி கூடுவது இயல்பு; அந்தக் கணக்குக்கும் மேலான ஒளி எங்கிருந்து வந்தது என்பதே கேள்வி. 1989இல் கேரன் மீச், மைக்கேல் பெல்ட்டன் இருவரும் அதைச் சுற்றிக் கோமா இருப்பதை நேரடியாகப் பதிவு செய்தனர். அதன்பின் சயனோஜன் வாயுவின் ஒளிக்கோடுகளும் அதன் நிறமாலையில் காணப்பட்டன. 95பி என்ற எண் வந்தது இவ்வாறுதான்.

கைரான் ஒரு புதிய சிக்கலையும் எழுப்பியது. சூரியனுக்கு மிக அருகில் வரும்போதும் அது 8.5 வானியல் அலகுத் தொலைவில்தான் இருக்கிறது. நீர்ப்பனி பதங்கமாக அந்தக் குளிர் இடம் தராது. அதனால் வேறு பனிகளே காரணமாக இருக்க வேண்டும். ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் ஆய்வில் அங்கே கார்பன் டையாக்சைடு, மீத்தேன் வாயுக்கள் கண்டறியப்பட்டுள்ளன. பழைய தகடுகளை மீண்டும் அளந்தபோது, பாதையின் மிகத் தொலைவான பகுதியில் இருந்த 1970ஐ ஒட்டிய ஆண்டுகளிலும் கைரான் வழக்கத்துக்கு மாறாகப் பிரகாசித்தது தெரியவந்தது. ஆகவே அதன் செயல்பாடு சூரியனின் நெருக்கத்தை மட்டும் பின்பற்றுவதில்லை. கோவல் அதைக் கண்ட ஆண்டு இரு செயல்பாட்டுக் காலங்களுக்கு இடையே வாய்த்துவிட்டது.

எக்கெக்லஸ்

மற்றொரு சென்டாரான எக்கெக்லஸ் 2000ஆம் ஆண்டில் அரிசோனாவின் ஸ்பேஸ்வாட்ச் திட்டத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் கோமா தேடியவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. 2005 டிசம்பர் இறுதியில், ஏறத்தாழ 13 வானியல் அலகுத் தொலைவில் அது திடீரென வெடித்துக் கிளம்பியது. 21ஆம் ஒளித்தரத்தில் இருந்த பொருள் 14ஆம் ஒளித்தரத்தை நெருங்கியது. ஒளித்தர அளவுகோலில் எண் குறையக் குறைய ஒளி கூடும்; 5 படிகள் என்பது 100 மடங்கு. 7 படிகள் என்றால் 600 மடங்குக்கும் மேல். தூசு மூட்டத்தின் மையம் எக்கெக்லஸின் மீது இல்லாமல் விலகியிருந்தது மேலும் வியப்பளித்தது. உடைந்து பிரிந்த துண்டு ஒன்று தூசைக் கக்கியிருக்கலாம் என்பது அதற்கான விளக்கங்களில் ஒன்று. 60558 என்ற சிறுகோளுக்கு 174பி என்ற வால்மீன் எண்ணும் சேர்ந்தது.

தொலைந்து திரும்பிய ஒன்று

வில்சன்–ஹாரிங்டன் வால்மீனின் கதை வேறு வரிசையில் நடந்தது. 1949 நவம்பர் 19 அன்று பாலமாரில் எடுத்த தகடுகளில் ஆல்பர்ட் வில்சன், ராபர்ட் ஹாரிங்டன் இருவரும் வாலுடன் கூடிய ஒரு பொருளைக் கண்டனர். நீல ஒளிக்குரிய தகட்டில் வால் தெளிவாகவும் சிவப்பு ஒளிக்குரியதில் மிக மங்கலாகவும் இருந்தது. ஒரு வாரத்துக்குள் கிடைத்த சில பதிவுகளைத் தவிர வேறெதுவும் இல்லாததால் பாதையைத் துல்லியமாகக் கணிக்க முடியவில்லை. வால்மீன் தொலைந்துபோனது.

1979 நவம்பரில் அதே பாலமாரில் எலினோர் ஹெலின், பூமியின் பாதையை நெருங்கி வரும் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். அதற்கு 1979 வி.ஏ. என்ற தற்காலிகக் குறியீடும் பின்னர் 4015 என்ற எண்ணும் வழங்கப்பட்டன. சுற்றுக்காலம் 4.3 ஆண்டுகள். பாதை நன்கு தெரிந்தபின் அதைப் பின்னோக்கிக் கணக்கிட்டு, பழைய தகடுகளில் அந்த இடங்களைத் தேடினர். 1992இல் விடை கிடைத்தது. 1949 தகட்டில் அது இருக்க வேண்டிய இடத்தில் வில்சன்–ஹாரிங்டன் வால்மீன் இருந்தது. இரண்டும் ஒன்றே என அறிவிக்கப்பட்டு 107பி என்ற எண் சேர்ந்தது. 1979இல் கண்டுபிடிக்கப்பட்டது முதல் அதில் வால் காணப்படவில்லை. 1949இன் தகடுகள் மட்டும் இல்லாதிருந்தால் அதை வால்மீன் என்று சொல்ல எந்த ஆதாரமும் இருந்திராது.

சிறுகோள் பட்டைக்குள் வால்மீன்

கைரானும் வில்சன்–ஹாரிங்டனும் குறைந்தபட்சம் பாதையளவில் வழக்கமான சிறுகோள்களிலிருந்து வேறுபட்டவை. எல்ஸ்ட்–பிசார்ரோ அந்த வேறுபாட்டையும் இல்லாமலாக்கியது. 1979இல் பதிவாகி 1979 ஓ.டபிள்யூ.7 என்று குறிக்கப்பட்ட அது, 2.6 முதல் 3.7 வானியல் அலகு வரையிலான பாதையில் 5.6 ஆண்டுகளுக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றுகிறது. கோள்களின் தளத்துக்கு அதன் பாதை ஒன்றரை பாகை அளவே சாய்ந்துள்ளது. பட்டையின் வெளிப்பகுதியிலுள்ள தெமிஸ் குடும்பச் சிறுகோள்களின் நடுவே அதற்கு இடம்.

1996இல் சிலியின் லா சில்லா ஆய்வகத்தில் கீடோ பிசார்ரோ எடுத்த படங்களை ஆராய்ந்த எரிக் எல்ஸ்ட், அந்தப் புள்ளியிலிருந்து மெல்லிய, நேரான வால் நீள்வதைக் கண்டார். கோமா ஏதும் இல்லை. பட்டையில் மோதல்கள் இயல்பு என்பதால், வேறொரு சிறு கல் மோதிக் கிளப்பிய தூசு அது என்று விளக்கம் தரப்பட்டது. அதன்பின் வால் மறைந்தது. 2002இல், அடுத்த சுற்றில் ஏறத்தாழ அதே இடத்தில், ஹென்றி ஷியே, டேவிட் ஜூவிட் குழுவினர் வாலை மீண்டும் பதிவு செய்தனர். 2007இலும் அது திரும்பியது. சூரியனை நெருங்கும் காலத்தை ஒட்டி ஒவ்வொரு சுற்றிலும் தற்செயல் மோதல் நேர வாய்ப்பில்லை. பனி பதங்கமாவதே பொருந்தும் விளக்கம்.

இதுபோன்றவை வேறு உண்டா என்று தேடியபோது, 118401 என்ற எண்ணுள்ள சிறுகோளில் 2005 நவம்பரில் வால் காணப்பட்டது. லீனியர் என்ற தேடல் திட்டத்தின் பெயரோடு அது 176பி/லீனியர் ஆயிற்று. அதற்கு ஒரு மாதம் முன்புதான் ஸ்பேஸ்வாட்ச் திட்டத்தில் ரீட் என்ற வால்மீன், இன்றைய 238பி, பட்டைக்குள் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. மூன்றையும் சேர்த்து, சிறுகோள் பட்டையிலேயே ஒரு வால்மீன் கூட்டம் இருக்கிறது என்று 2006இல் ஷியேயும் ஜூவிட்டும் அறிவித்தனர். ‘பிரதானப் பட்டை வால்மீன்கள்’ என்ற பெயர் நிலைபெற்றது.

இக்கூட்டத்தில் 288பி தனித்துத் தெரிகிறது. 2006இல் சிறுகோளாகக் கண்டுபிடிக்கப்பட்டு 300163 என்ற எண் பெற்ற இதன் செயல்பாட்டை 2011இல் ஹவாயின் பான்ஸ்டார்ஸ் தொலைநோக்கி காட்டியது. 2016இல் ஹப்பிள் தொலைநோக்கி உற்றுப் பார்த்தபோது, ஏறத்தாழ ஒத்த அளவுள்ள இரு பொருள்கள் சுமார் 100 கிலோமீட்டர் இடைவெளியில் ஒன்றையொன்று சுற்றிவருவது தெரிந்தது.

இவ்வளவு காலம் பனி எப்படி எஞ்சியது என்ற கேள்விக்கு வெப்பக் கணக்குகள் பதில் தருகின்றன. பட்டையின் வெளிப்பகுதியில் தூசும் கல்லும் மூடிய பனி, மேற்பரப்புக்கு ஒரு மீட்டர் அளவு கீழேயே நூறு கோடி ஆண்டுகளுக்கு மேல் தாக்குப்பிடிக்கும். சிறு மோதல் ஒன்று மூடியிருக்கும் அடுக்கைப் பெயர்த்துப் பனியை வெளிப்படுத்தினால், அதற்குப்பின் சுற்றுக்குச் சுற்று அது பதங்கமாகத் தொடங்கும்.

தானியங்கித் தேடலும் தாமதமான அடையாளமும்

1990களின் இறுதி முதல் லீனியர், நீட், ஸ்பேஸ்வாட்ச், கேட்டலினா ஆகிய தேடல் திட்டங்கள் ஒரே இரவில் வானின் பெரும்பரப்பைப் படமெடுத்தன. ஒரே பகுதியின் படங்களைக் கணினி ஒப்பிட்டு, நகரும் புள்ளிகளைப் பொறுக்கியெடுத்தது. இடத்தை அளப்பதே அந்த மென்பொருளின் வேலை. வடிவத்தை ஆராய்வது அல்ல. எனவே மங்கலான கோமா கொண்ட பல வால்மீன்கள் சிறுகோள் குறியீட்டுடன் பதிவாயின. பின்னர் பெரிய தொலைநோக்கியிலோ, நெடுநேரம் ஒளியைச் சேர்த்த படத்திலோ மூட்டம் தெரிந்ததும் வகை மாறியது.

2002 மார்ச்சில் நீட் திட்டம் பதிவு செய்த 2002 இ.எக்ஸ்.12 இதற்கு எடுத்துக்காட்டு. 4.2 ஆண்டுச் சுற்றுக்காலமுள்ள அதில் 2005இல் வால்மீன் செயல்பாடு தெரிந்து, அது 169பி/நீட் ஆனது. ஆண்டுதோறும் ஜூலை இறுதியை ஒட்டிக் காணப்படும் ஆல்ஃபா காப்ரிகார்னிட் எரிகல் பொழிவுக்கு மூலம் இதுவே என 2010இல் ஓர் ஆய்வு காட்டியது. இன்று மங்கலாகக் கிடக்கும் பொருள் முன்னொரு காலத்தில் பெருமளவு தூசை வெளியேற்றியது என்பதற்கு அந்தப் பொழிவே சான்று.

அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள சிறுகோள் மையம், உலகெங்கிலுமிருந்து வரும் இட அளவீடுகளைத் தொகுக்கிறது. வால்மீனாக இருக்கலாம் என ஐயுறும் பொருள்களுக்கு அங்கே தனிப் பட்டியல் உண்டு. அதைப் பார்த்துப் பிற ஆய்வகங்களும் அனுபவமுள்ள ஆர்வலர்களும் அப்பொருளைப் படமெடுக்கின்றனர். பொருளின் வேகத்துக்கு ஏற்ப நகர்த்திப் பல படங்களை அடுக்கி, பிம்பத்தின் அகலத்தை அருகிலுள்ள விண்மீன்களின் பிம்பத்தோடு ஒப்பிடுவதே வழக்கமான சோதனை.

வால் இருந்தும் வால்மீன் அல்லாதவை

வால் தெரிந்துவிட்டால் முடிவு உறுதி என்றும் சொல்ல முடியாது. 2010 ஜனவரியில் லீனியர் கண்டுபிடித்து, பின்னர் 354பி என எண் பெற்ற பொருளை ஹப்பிள் படமெடுத்தபோது, பெருக்கல் குறி வடிவில் தூசு இழைகளும் அவற்றுக்கு வெளியே தள்ளி நின்ற சிறு கருவும் தெரிந்தன. தூசு முழுவதும் 2009இல் ஒரே தடவையில் வெளிப்பட்டது என்று கணக்கு காட்டியது. மோதலோ உடைவோதான் காரணம். பனிக்கு அதில் பங்கில்லை. 1906 முதல் அறியப்பட்ட ஷைலா என்ற பெரிய சிறுகோள் 2010 டிசம்பரில் திடீரெனத் தூசு மூட்டம் பூண்டு, சில வாரங்களில் பழைய நிலைக்குத் திரும்பியது. அங்கே மோதலே காரணம்.

வேறு சிலவற்றைச் சுழற்சி சிதைக்கிறது. சூரிய ஒளியை உள்வாங்கி வெப்பமாக வெளிவிடும்போது, சீரற்ற வடிவமுள்ள சிறுகோளின் சுழற்சி இலட்சக்கணக்கான ஆண்டுகளில் மெல்ல விரைவுபடலாம். ஓர் எல்லைக்குமேல் மேற்பரப்பிலுள்ள கல்லும் தூசும் நழுவி வெளியேறும். 2013இல் ஆறு வால்களுடன் ஹப்பிள் படமெடுத்த 311பி, 2019இல் வால்கள் அறியப்பட்ட கால்ட் என்ற சிறுகோள் ஆகியவற்றுக்கு இந்த விளக்கமே பொருந்துகிறது. காரணம் எதுவானாலும் தூசை வெளியிடும் சிறுகோள்கள் அனைத்தையும் ‘செயல்படும் சிறுகோள்கள்’ என்ற பொதுத் தலைப்பில் தொகுப்பது இன்றைய நடைமுறை. மீண்டும் மீண்டும் சூரிய அண்மையில் செயல்படுபவை மட்டுமே பனி கொண்டவையாகக் கருதப்படுகின்றன.

பாதை தரும் சாட்சி

தோற்றம் கைவிடும்போது பாதை உதவும். 19ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு வானியலர் ஃபெலிக்ஸ் திஸ்ஸெரான் வகுத்த ஒரு கணித அளவு, பொருளின் பாதை வியாழனின் ஈர்ப்புக்கு எந்த அளவு உட்பட்டது என்பதைக் காட்டுகிறது. பெரும்பாலான சிறுகோள்களுக்கு அது 3க்கு மேல். வியாழனின் பிடியிலுள்ள வால்மீன்களுக்கு 2க்கும் 3க்கும் இடையில்.

1983இல் கண்டுபிடிக்கப்பட்ட டான் கிஹோட்டே என்ற சிறுகோள் 8.7 ஆண்டுகள் நீளும் வால்மீன் பாதையில் செல்கிறது. 2009இல் ஸ்பிட்ஸர் தொலைநோக்கி எடுத்த அகச்சிவப்புப் படங்களை ஆராய்ந்தபோது, அதற்குக் கோமாவும் வாலும் இருந்தது 2013இல் தெரியவந்தது. இங்கே பாதை சொன்னது சரியாயிற்று. எல்ஸ்ட்–பிசார்ரோவின் அளவோ ஏறத்தாழ 3.2. பாதையை மட்டும் நம்பினால் அதைச் சிறுகோள் என்றே சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே பாதை, ஒரு பொருள் எங்கிருந்து வந்திருக்கும் என்பதைச் சுட்டுமே தவிர, அதில் பனி உண்டா என்பதைச் சொல்லாது.

பெயரும் எண்ணும்

வால்மீன்களுக்குக் கண்டுபிடித்தவரின் அல்லது தேடல் திட்டத்தின் பெயர் சூட்டுவது மரபு. சிறுகோள்களுக்கோ, கண்டுபிடித்தவர் முன்மொழியும் வேறொரு பெயர் சூட்டப்படும். இரு பட்டியலிலும் இடம்பெறும் பொருள்களில் இந்த இரு மரபுகளும் கலந்துள்ளன. கைரானும் எக்கெக்லஸும் சிறுகோள் மரபுப்படி புராணப் பெயர்களைத் தாங்குகின்றன. வில்சன்–ஹாரிங்டனும் எல்ஸ்ட்–பிசார்ரோவும் வால்மீன் மரபுப்படி மனிதர்களின் பெயர்களைச் சிறுகோள் பட்டியலிலும் தாங்கி நிற்கின்றன.

பனிக்கு நேரடிச் சான்று

பிரதானப் பட்டை வால்மீன்களில் பனி இருப்பது நீண்டகாலம் ஊகமாகவே இருந்தது. வெளியேறும் வாயு மிகக் குறைவு என்பதால் தரையிலிருந்து பார்த்தவர்களுக்குத் தூசு மட்டுமே தெரிந்தது. சுற்றியுள்ள பொருள்களிடமிருந்து மறைமுகச் சான்றுகள் கிடைத்தன. தெமிஸ் சிறுகோளின் மேற்பரப்பில் நீர்ப்பனியின் அடையாளம் இருப்பதாக 2010இல் இரு குழுக்கள் அறிவித்தன. சீரஸிலிருந்து நீராவி வெளியேறுவதை ஹெர்ஷல் விண்வெளித் தொலைநோக்கியின் ஆய்வு 2014இல் காட்டியது. இறுதியில், ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 238பி/ரீடைச் சுற்றி நீராவியை நேரடியாகக் கண்டறிந்த செய்தி 2023இல் வெளியானது. பிற வால்மீன்களில் வழக்கமாகக் காணப்படும் கார்பன் டையாக்சைடு அதில் தென்படவில்லை. நீரைவிட எளிதில் ஆவியாகும் அந்தப் பனியை, வெதுவெதுப்பான பட்டையில் நெடுங்காலம் இருந்த அப்பொருள் இழந்திருக்கலாம். அல்லது கார்பன் டையாக்சைடு பனி படிய முடியாத இடத்தில் அது உருவாகியிருக்கலாம்.

இந்த இரண்டாவது சாத்தியம், பூமியின் நீர் எங்கிருந்து வந்தது என்ற ஆய்வோடு தொடர்புடையது. நீரைக் கொண்டுவந்தவை தொலைதூர வால்மீன்கள் மட்டும் என்று கொள்ள வேண்டியதில்லை. வெளிப்பட்டையின் பனி கொண்ட சிறுகோள்களும் அதில் பங்கு வகித்திருக்கலாம்.

சிலியில் அமைந்த 8.4 மீட்டர் ரூபின் தொலைநோக்கி 2025இல் தன் முதல் படங்களை வெளியிட்டது. பத்தாண்டு ஆய்வில் தென்வானின் பெரும்பகுதியை அது திரும்பத் திரும்பப் படமெடுக்கத் திட்டமிடப்பட்டுள்ளது. பட்டையிலுள்ள ஒரு பொருளுக்கு ஒரு சுற்று முடிய ஐந்தாறு ஆண்டுகள் ஆகும் என்பதால், அது சூரியனை நெருங்கும் பருவமும் விலகும் பருவமும் இந்தக் காலத்துக்குள் அடங்கும். ஓரிரு இரவுகளின் தோற்றத்தை வைத்து வகை பிரித்த நிலை மாறி, ஒரு முழுச் சுற்றில் பொருள் எப்படி நடந்துகொள்கிறது என்பதை வைத்து வகை பிரிக்க இதனால் வழி ஏற்படும்.